யாருடைய நெஞ்சு குறுகுறுக்கிறது?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சொல்லிக்கொள்வதில் நமக்குப் பெரிய ஆறுதல் இருக்கிறது. சாட்சி பிறழலாம், வக்கீல் ஜெயிக்கலாம், கோப்பு காணாமல் போகலாம். ஆனாலும் செய்தவனுக்குள்ளே ஏதோ ஒன்று விழித்துக் கிடந்து அவனைத் தூங்கவிடாது என்று நம்புகிறோம். கெடுதல் செய்தவன் நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக உறங்கி, பேரன் பேத்தி எடுத்து, வயதாகிச் செத்தான் என்பதை ஏற்றுக்கொள்ள மனம் வருவதில்லை. கோதிக் கதைகளும் அவற்றின் வயிற்றில் பிறந்த துப்பறியும் கதைகளும் இந்த நம்பிக்கையை வளர்ப்பவை என்பது பொதுவான எண்ணம். இடிந்த மாளிகையும் அடைத்த அறையும் நள்ளிரவில் தட்டும் சத்தமும் மனசாட்சியின் வேறு வேறு உருவங்கள் என்று வகுப்பறைகளில் சொல்லித் தருகிறார்கள். அந்தக் கதைகளைத் திரும்பத் திரும்பப் படிக்கையில் என்னை உறுத்துவது வேறு. அவற்றில் குறுகுறுக்கும் நெஞ்சு பெரும்பாலும் செய்தவனுடையதாக இருப்பதில்லை. பக்கத்தில் நின்றவருடையது, கண்டுபிடித்தவருடையது, ஒரு பாவமும் அறியாத பணிப்பெண்ணுடையது, நூறு வருடம் கழித்துப் பிறந்த வாரிசுடையது. செய்தவன் பல சமயம் அமைதியாக இருக்கிறான். குற்றவுணர்வு குற்றத்தைத் தேடிப் போவதில்லை, அதைத் தாங்கக்கூடிய ஆளைத் தேடிப் போகிறது என்று இந்தக் கதைகள் சொல்கின்றனவோ என்று தோன்றுகிறது. அப்படியானால் அது எதற்குச் சாட்சி?

எட்கர் ஆலன் போவின் ‘டெல் டேல் ஹார்ட்’ நெஞ்சு காட்டிக்கொடுக்கும் என்பதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் கதை. 1843 ஜனவரியில், ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவல் நடத்திய ‘பயனியர்’ இதழில் வந்தது. ஒரு கிழவரின் படலம் படர்ந்த வெளிர்நீலக் கண்ணைப் பொறுக்க முடியாமல் ஒருவன் அவரைக் கொல்ல முடிவு செய்கிறான். ஏழு இரவுகள், நடுநிசியில், அவருடைய அறைக் கதவை நூல் நூலாகத் திறந்து, மூடிய லாந்தரிலிருந்து ஒரே ஒரு கீற்று வெளிச்சத்தை அந்தக் கண்மேல் விழவிடுகிறான். கண் மூடியே இருக்கிறது. எட்டாவது இரவு திறந்திருக்கிறது. கொன்றபின் தரையின் மூன்று பலகைகளைப் பெயர்த்து உடலை உள்ளே வைத்து மூடுகிறான். விடிகாலை நான்கு மணிக்கு மூன்று போலீஸ்காரர்கள் வருகிறார்கள். அவர்களை அந்த அறைக்கே அழைத்துப் போய் நாற்காலி போட்டு உட்காரவைத்துத் தன் நாற்காலியைப் பிணத்துக்கு நேர் மேலே இழுத்துப் போட்டுக்கொள்கிறான். பிறகுதான் அந்தத் துடிப்பு, பலகைக்கு அடியிலிருந்து, ஏறிக்கொண்டே வருகிறது. கத்திவிடுகிறான். மனசாட்சி வென்றது என்று புத்தகத்தை மூடிவிடலாம். ஆனால் அந்தச் சத்தம் கொலைக்குப் பின் தொடங்கியதில்லை. கிழவர் உயிரோடு, இருட்டில் எழுந்து உட்கார்ந்திருந்தபோதே அவன் அதைக் கேட்கிறான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்ற பயத்தில்தான் அவர்மேல் பாய்கிறான். செய்வதற்கு முன்பே கேட்டதை எப்படிக் குற்றவுணர்வு என்பது? அவன் உண்மையைக் கக்குவதற்குக் காரணமும் இரக்கமில்லை. எதிரே உட்கார்ந்து சிரித்துப் பேசும் மூவரும் எல்லாம் தெரிந்துகொண்டே தன்னைக் கேலி செய்கிறார்கள் என்று நினைக்கிறான்; அந்தக் கேலி அவனுக்குத் தாங்கவில்லை. செத்தவருக்காக இரங்கி அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதில்லை.

போ இதை அறிந்தே எழுதினார் என்பதற்கு அவருடைய மற்றக் கதைகள் இருக்கின்றன. 1841இல் வந்த ‘மர்டர்ஸ் இன் தி ரூ மார்க்’ முதல் துப்பறியும் கதை என்று பெயர் பெற்றது. அதில் தாயையும் மகளையும் கொன்றது ஒரு கப்பல்காரனிடமிருந்து சவரக்கத்தியோடு தப்பி ஓடிய உராங்குட்டான். ஜன்னலில் எஜமானின் முகம் தெரிந்ததும் அதற்குச் சாட்டை நினைவுக்கு வருகிறது. அடி விழும் என்று புரிந்துகொண்ட மிருகம் அறை முழுதும் தவித்து ஓடுகிறது, சாமான்களைப் போட்டு உடைக்கிறது, மகளின் உடலைப் புகைபோக்கிக்குள் செருகுகிறது, தாயின் உடலை ஜன்னல் வழியே வெளியே எறிகிறது. இந்த இடத்தை என்னால் சுலபமாகத் தாண்ட முடிவதில்லை. பதற்றம், தடயத்தை மறைக்கும் அவசரம், நிலைகொள்ளாமை என்று ஒருவனைக் குற்றவாளி என்று காட்ட நாம் அடுக்கும் அடையாளங்கள் எல்லாம் அந்த மிருகத்திடம் இருக்கின்றன. உள்ளே இருப்பதோ சாட்டைப் பயம் மட்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பயமும் பரிதவிப்பும் ஒரே முகத்தில்தான் தெரியும். உள்ளே இருப்பவனுக்காவது வித்தியாசம் தெரியுமா? 1845இல் எழுதிய ‘இம்ப் ஆஃப் தி பெர்வர்ஸ்’ கதையில் ஒருவன் விஷ மெழுகுவத்தியால் கொன்று, சொத்தை அடைந்து, வருடக்கணக்கில் சுகமாக வாழ்கிறான். எனக்கு ஆபத்தில்லை என்று முணுமுணுப்பது அவன் வழக்கம். ஒருநாள் தெருவில் நடக்கையில், நானே முட்டாள்தனமாக உளறினாலொழிய, என்று சேர்த்துக்கொள்கிறான். அந்த நினைப்பு வந்த கணத்திலிருந்து ஓடத் தொடங்குகிறான், ஊர் துரத்துகிறது, சொல்லிவிட்டு மயங்கி விழுகிறான். பாறை விளிம்பில் நிற்பவனைக் குதி குதி என்று உந்தும் அதே உந்துதல் என்கிறான். வருத்தம் என்று அவனே சொல்வதில்லை. அடுத்த வருடம், ‘கேஸ்க் ஆஃப் அமான்டில்லாடோ’வில், மாண்ட்ரெசர் தன் நண்பனை நிலவறைச் சுவரோடு சங்கிலியால் பூட்டி, உயிரோடு கல் அடுக்கி மூடுகிறான். கடைசிக் கல்லின்போது உள்ளிருந்து கோமாளித் தொப்பியின் மணிச் சத்தம் மட்டும் வருகிறது. அவனுக்கு நெஞ்சு கனக்கிறது; நிலவறையின் ஈரம்தான் காரணம் என்கிறான். 50 வருடம் கழித்து நமக்குச் சொல்கிறான்; அதுவரை எந்தப் பலகைக்கு அடியிலிருந்தும் எதுவும் துடிக்கவில்லை. அந்த ஒரு கணத்துக் கனத்தைப் பிடித்துக்கொண்டு, அதுதான் மனசாட்சி, ஒத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை என்று வாசகர்கள் வாதாடுகிறார்கள். எனக்கும் அப்படி வாதாட ஆசையாக இருக்கிறது. அந்த ஆசைதான் என்னைச் சங்கடப்படுத்துகிறது. ஈரமாகவே இருந்திருக்கலாமே.

இது கதையோடு நின்றுவிட்டால் இவ்வளவு உறுத்தாது. ‘டெல் டேல் ஹார்ட்’டின் பின்னால் ஆய்வாளர்கள் ஒரு நிஜக் கொலை வழக்கைக் காட்டுகிறார்கள். 1830 ஏப்ரல் 6ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் நகரில், ஜோசஃப் வைட் என்ற 82 வயதுக் கப்பல் வணிகர் படுக்கையில் கொல்லப்பட்டார். தலையில் ஓர் அடி, உடலில் 13 குத்து. எதுவும் திருடுபோகவில்லை. சொத்தை மனதில் வைத்து, நாப் என்ற குடும்பப் பெயர் கொண்ட அண்ணன் தம்பி இருவர் ரிச்சர்ட் கிரவுனின்ஷீல்டு என்பவனைக் கூலிக்கு அமர்த்திச் செய்த கொலை. அரசுத் தரப்பில் வாதாட வந்தவர் டேனியல் வெப்ஸ்டர். கொலைகாரனால் இரகசியத்தைக் காக்கவே முடியாது, அது அவனை உள்ளிருந்து தின்னும், முகத்திலும் நடையிலும் வெளிப்படும், கடைசியில் ஒத்துக்கொள்ள வேண்டும் அல்லது தற்கொலை செய்துகொள்ள வேண்டும், தற்கொலையும் ஒப்புதல்தான் என்று அவர் பேசியது பெரும் புகழ் பெற்றது. படிக்கும்போது இன்றும் சிலிர்க்கிறது. ஆனால் அந்த வழக்கில் இரகசியம் வெளிவந்த விதத்தைப் பாருங்கள். விஷயம் தெரிந்த ஒருவன் பணம் பறிக்க மிரட்டல் கடிதம் எழுதினான். மகனுக்குப் போக வேண்டிய கடிதம், அதே பெயர் கொண்ட தகப்பனார் கையில் கிடைத்தது. ஒன்றும் புரியாமல் அவர் அதை விசாரணைக் குழுவிடம் கொடுத்தார். நாப் சகோதரர்களில் ஒருவன் ஒப்புதல் கொடுத்தது மன்னிப்பு கிடைக்கும் என்ற வாக்குறுதியின்பேரில். கிரவுனின்ஷீல்டு சிறையில் தூக்கில் தொங்கினான். கொன்றவன்மேல் குற்றம் நிரூபணமாகாமல் உடந்தையாளர்களைத் தண்டிக்க முடியாது என்ற அன்றைய சட்ட விதி அவன் மனதில் இருந்திருக்கலாம். பேராசை, ஒரே பெயரால் வந்த குழப்பம், பேரம், சட்டக் கணக்கு. இவ்வளவையும் ஒதுக்கிவிட்டு வெப்ஸ்டர் அந்த இடத்தில் மனசாட்சியை உட்காரவைத்தார். ஜூரிகளுக்கு அது பிடித்திருந்தது. நமக்கும் பிடித்திருக்கிறது.

அதே ஊரில் அதற்கு 138 வருடம் முன்பு நடந்ததை நினைத்தால் இந்தப் பிடித்தம் எவ்வளவு ஆபத்தானது என்று தெரியும். 1692இன் சூனிய விசாரணைகளில் ஒத்துக்கொண்டவர்கள் பிழைத்தார்கள். நான் செய்யவில்லை என்று கடைசிவரை நின்றவர்களில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். கைல்ஸ் கோரி என்ற முதியவர் கற்களுக்கு அடியில் நசுக்கப்பட்டார். 71 வயது ரெபெக்கா நர்ஸை விசாரித்தபோது, சுற்றிலும் எல்லோரும் அழுகையில் உன் கண் ஏன் காய்ந்திருக்கிறது என்ற பொருளில் நீதிபதி ஜான் ஹாதார்ன் கேட்டது பதிவாகியிருக்கிறது. பின்னர் வழக்கின்போது ஜூரிகள் கேட்ட ஒரு கேள்வி காது மந்தமான அந்த அம்மாளுக்கு விழவில்லை. பதில் சொல்லாததே அவருக்கு எதிராக நின்றது. கண்ணீர் வராததும் குற்றம், பேசாததும் குற்றம். நெஞ்சுக்குள் இருப்பது முகத்தில் தெரியும் என்று நம்புகிற ஊரில் காது கேளாத கிழவிகூடக் கொலைக்களத்துக்குப் போவாள். இந்த விசாரணைகளில் பங்குகொண்ட சாமுவேல் சீவல் என்ற நீதிபதி 1697 ஜனவரியில், பாஸ்டன் தேவாலயத்தில் எல்லோர் முன்னிலும் எழுந்து நின்றார். பழியும் அவமானமும் என்னுடையவை என்று அவர் எழுதிக் கொடுத்ததைப் போதகர் படிக்க, படித்து முடியும்வரை நின்றுகொண்டிருந்தார். ஜான் ஹாதார்னிடமிருந்து அப்படி ஒரு சொல்லும் வரவில்லை. அவருடைய வம்சத்தில், அதே சேலத்தில், 1804இல் பிறந்த ஒருவர் குடும்பப் பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டலில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அவர்தான் நாவலாசிரியர் நதானியல் ஹாதார்ன். 1850இல் ‘ஸ்கார்லட் லெட்டர்’ நாவலின் முன்னுரையில், முன்னோர்களின் அவமானத்தைத் தானே ஏற்றுக்கொள்வதாக எழுதினார். கிழவியின் வறண்ட கண்ணைக் குற்றமாகப் பார்த்தவருக்கு வராத வெட்கம், அந்தக் கிழவியைப் பார்த்தேயிராத ஒருவருக்கு வந்தது.

‘ஸ்கார்லட் லெட்டர்’ பாவத்தைப் பற்றிய நாவல் என்பார்கள். எனக்கு அது பாவத்தைத் தேடுபவனைப் பற்றிய நாவலாகவே படுகிறது. போதகர் டிம்ஸ்டேல் தன் பாவத்தை மறைத்து, மார்பில் கைவைத்தபடி இளைத்துக்கொண்டே போகிறார். ஏமாற்றப்பட்ட கணவரான சில்லிங்வொர்த் வைத்தியராக அவரோடு ஒரே வீட்டில் தங்கி நாடி பிடிக்கிறார், பச்சிலை கொடுக்கிறார், பேச்சுக் கொடுத்து ஆழம் பார்க்கிறார். ஒரு நண்பகலில் போதகர் நாற்காலியில் அசந்து தூங்கும்போது அருகில் போய் அவருடைய மேலங்கியை விலக்கி நெஞ்சைப் பார்க்கிறார். அப்போது அந்த வைத்தியரின் முகத்தில் வரும் மகிழ்ச்சியை ஹாதார்ன் சாத்தானின் மகிழ்ச்சியோடு வைத்துக் காட்டுகிறார். இன்னொருவரின் நெஞ்சைத் திறந்து பார்ப்பது அந்த நெஞ்சுக்குள் இருப்பதைவிடப் பெரிய பாவமாகலாம் என்ற எண்ணம் நாவல் முழுக்க ஓடுகிறது. வெப்ஸ்டர் பேசியது ஒரு திசை. ஹாதார்ன் திரும்பியது அதற்கு எதிர்த் திசை. இருவருக்கும் ஒரே ஊர்தான் விதை போட்டது.

இந்த எதிர்த் திசையில் ஹாதார்னுக்கு முன்பே நடந்தவர் வில்லியம் காட்வின். 1794இல் லண்டனில் வெளியான அவருடைய ‘காலெப் வில்லியம்ஸ்’ நாவலில், செல்வந்தரும் பண்பாளருமான ஃபாக்லண்ட், தன்னை அவமதித்த ஒருவனைக் கொன்றிருக்கிறார். அந்தக் கொலைக்காக ஹாக்கின்ஸ் என்ற குடியானவரும் அவர் மகனும் தூக்கிலிடப்பட, பேசாமல் இருந்திருக்கிறார். அவரிடம் எழுத்தராக இருக்கும் இளைஞன் காலெப் மோப்பம் பிடிக்கிறான். ஃபாக்லண்ட் நீதிபதியாக உட்கார்ந்து வேறொரு கொலை வழக்கை விசாரிக்கும்போது, காலெப் வழக்கைக் கவனிப்பதில்லை, எஜமானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். ஃபாக்லண்ட் தாங்க முடியாமல் எழுந்து வெளியே போனதும், தோட்டத்துக்கு ஓடிப் போய் ஆனந்தத்தில் திளைக்கிறான். இங்கே முகம் பார்த்த முடிவு சரியாகவே இருக்கிறது. ஆனாலும் நாவல் அதைக் கொண்டாடுவதில்லை. பல வருடத் துரத்தலுக்குப் பிறகு, நீதிபதி முன் காலெப் குற்றம் சாட்ட வரும்போது, ஃபாக்லண்டை நாற்காலியில் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், உயிர் மட்டும் மிச்சமிருக்கும் கோலத்தில். காலெப் உடைந்துபோய் அவரைப் புகழ்ந்தே பேசுகிறான். ஃபாக்லண்ட் அவனைத் தழுவிக் குற்றத்தை ஒத்துக்கொள்கிறார். மூன்று நாளில் இறக்கிறார். அன்றிலிருந்து கொலைகாரன் என்ற நினைப்பு காலெப்பை ஒட்டிக்கொள்கிறது. கைப்பிரதியில் காட்வின் முதலில் எழுதியிருந்த முடிவு இதில்லை. அதில் ஃபாக்லண்ட் கடைசிவரை மறுக்கிறார், காலெப் அடைக்கப்பட்டுப் புத்தி பேதலிக்கிறான். அநீதியான உலகைக் காட்ட அதுவே போதும். ஆனால் சில நாட்களில் காட்வின் அதைத் தள்ளிவிட்டு, உண்மையைக் கண்டுபிடித்தவன் தலையிலேயே பாரத்தை இறக்கினார். ஹாக்கின்ஸ் குடும்பத்துக்காக ஃபாக்லண்ட் பட்ட வேதனையைவிட ஃபாக்லண்டுக்காகக் காலெப் படும் வேதனை நம் மனதில் நிற்கிறது. அந்தத் தகப்பனும் மகனும் நாவலின் கடைசிப் பக்கங்களுக்கு வருவதேயில்லை.

காட்வினின் மகள் மேரி ஷெல்லி 1818இல் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைத் தகப்பனாருக்கே காணிக்கையாக்கினார். அதில் சிறுவன் வில்லியம் கொல்லப்பட்டதும் நடப்பதை ஒருமுறை வரிசையாக வைத்துப் பார்த்தேன், தலை சுற்றியது. சிறுவன் கழுத்தில் படம் பதித்த பதக்கத்தை அணிய அனுமதித்தவள் எலிசபெத். திருடன் அதற்காகவே கொன்றான் என்று நினைத்து, நான்தான் குழந்தையைக் கொன்றேன் என்று அலறுகிறாள். அந்தப் பதக்கம் பணிப்பெண் ஜஸ்டினின் பையில் கிடைக்கிறது. வைத்தது விக்டர் பிராங்கன்ஸ்டைன் உண்டாக்கிய உயிர். கைதானவளைப் பாதிரியார் நரகத்தைக் காட்டி நச்சரிக்கிறார். தான் உண்மையிலேயே அவர் சொல்லும் ராட்சசிதானோ என்று அவளுக்கே தோன்றத் தொடங்க, செய்யாததை ஒத்துக்கொண்டு தூக்குமேடை ஏறுகிறாள். எல்லாம் தெரிந்த விக்டர் நீதிமன்றத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய வேதனையைவிடத் தன் வேதனை பெரிது என்று நினைத்துக்கொள்கிறான். சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று ஒரு காரணமும் அவனிடம் இருக்கிறது. சாகும் தறுவாயிலோ, கடந்த காலத்தை எண்ணிப் பார்த்ததில் தன் நடத்தையில் குறை தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான். அவன் உடல் கிடக்கும் கப்பல் அறைக்குள் வந்து கதறி, தன்னைத் தானே வெறுத்துப் பேசுவது அந்தப் பெயரில்லாத உயிர்தான். செய்யாதவர்கள் இருவர் குற்றத்தைத் தலையில் போட்டுக்கொள்கிறார்கள், செய்யவைத்தவன் தன்னை விடுவித்துக்கொள்கிறான், மனிதக் கணக்கில் சேர்க்கப்படாதது மனம் வெதும்புகிறது. குற்றவுணர்வு மிகுந்தும் ஒருவன் வாய் மூடியிருக்கலாம் என்பதை விக்டரைப்போல் எந்தப் பாத்திரமும் காட்டியதில்லை. தன் வேதனையின் அளவை எண்ணி எண்ணிப் பார்ப்பதிலேயே அவனுக்குப் பொழுது போய்விடுகிறது. ஜஸ்டினுக்கு அந்தப் பொழுது கிடைக்கவில்லை.

துப்பறியும் கதை இதையெல்லாம் ஒழுங்குபடுத்த வந்த வடிவம். கவிஞர் டபிள்யூ. எச். ஆடன் 1948இல் ஹார்ப்பர்ஸ் இதழில் எழுதிய கட்டுரையில், இந்தக் கதைகளுக்கு அடிமையாகிறவர் தன்னிடமும் பாவம் இருக்கிறது என்ற உணர்வால் அவதிப்படுபவர் என்றார். ஊரில் எல்லோர்மேலும் சந்தேகம் விழுகிறது; கடைசி அத்தியாயத்தில் ஒரே ஒருவர்மேல் அது இறங்கி, மற்ற எல்லோரும் நிரபராதிகளாக வீடு திரும்புகிறார்கள், வாசகர் உட்பட. அகதா கிறிஸ்டி 1939இல், தீவில் மாட்டிக்கொண்ட பத்துப் பேரின் கதையில், இந்த ஏற்பாட்டைக் குலைத்துவிட்டார். அங்கே எல்லோரும் சட்டத்துக்கு எட்டாத சாவுக்குப் பொறுப்பானவர்கள். அவர்களை ஒருவர்பின் ஒருவராகக் கொல்லும் நீதிபதி வார்கிரேவ் பாவத்தை அளந்து வரிசை போடுகிறார். முதலில் சாவது குழந்தைகள்மேல் கார் ஏற்றிவிட்டு எதுவும் தோன்றாமல் இருந்த ஆண்டனி மார்ஸ்டன். அவனுக்குப் பொறுப்பு என்பதே பிறவியில் இல்லை, ஆகவே ஒரு நொடியில் முடித்துவிடலாம். கடைசிவரை வைத்திருப்பது, தன் பொறுப்பில் இருந்த சிறுவனைக் கடலில் நீந்தவிட்டு மூழ்கவைத்த வீராவை. இருட்டில் மெழுகுவத்தியோடு அறைக்குள் நுழைகிறாள். கடல் வாசனை அடிக்கிறது. குளிர்ந்த, வழவழப்பான ஒன்று அவள் கழுத்தைத் தொடுகிறது. மேற்கூரைக் கொக்கியில் கடற்பாசியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். பிறகு அதே அறையில் சுருக்கும் நாற்காலியும் காத்திருக்க, அவளே ஏறிக்கொள்கிறாள். மனசாட்சி உள்ளவளுக்கே முழுத் தண்டனை. இல்லாதவனுக்குத் தண்டனை என்று தெரிவதற்குள் சாவு. வார்கிரேவ் அவளுடைய நெஞ்சையே ஆயுதமாக எடுத்துக்கொண்டார். இதை நீதி என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கைக்கும் சில்லிங்வொர்த்தின் மகிழ்ச்சிக்கும் நடுவே கோடு போட என்னால் முடியவில்லை.

கண்டுபிடிப்பவரின் நெஞ்சையும் அந்தக் காலம் கவனித்திருக்கிறது. டோரதி சேயர்ஸின் 1937ஆம் வருடத்து நாவலான ‘பஸ்மன்ஸ் ஹனிமூன்’ கொலைகாரன் பிடிபட்டதோடு முடிவதில்லை. அவன் தூக்கிலிடப்படும் காலையில், துப்பறிந்த பீட்டர் விம்சி மனைவியின் மடியில் முகம் புதைத்து அழுகிறான். கொலையாளியின் வக்கீல் செலவைக்கூட அவனே ஏற்றிருந்தான். சிறைக்குப் போய்ப் பார்த்தும் வந்தான். கொலையாளி மனம் மாறவில்லை. போரில், தன் உத்தரவால் மனிதர்கள் சாகப் போனதில் உடைந்தவன் விம்சி; இன்னொரு சாவுக்கு மணி குறிக்கப்படும்போது அந்த உடைசல் திரும்ப வருகிறது. செஸ்டர்டனின் பிரௌன் பாதிரியார் 1927இல் வந்த தொகுதியில், அந்தக் கொலைகளையெல்லாம் செய்தது நான்தான் என்று சொல்லிக் கேட்பவரைத் திடுக்கிடவைக்கிறார். கொலைகாரனை வெளியிலிருந்து பூச்சியைப் பார்ப்பதுபோல் பார்க்காமல், அவனுடைய மனம் முழுவதும் தன் மனமாகும்வரை உள்ளே போய்ப் பார்ப்பதுதான் அவர் வழி. மற்றவனின் முகத்தைப் படிப்பதிலிருந்து தன் மனதைப் படிப்பதற்கு அவர் பார்வையைத் திருப்பினார். எனக்கு இதில் பாதி மட்டும் ஒப்புதல். தனக்குள் பார்க்கத் தெரிந்தவருக்குத்தான் பாரம் வந்து சேர்கிறது என்பதை இதுவும் உறுதி செய்கிறதே தவிர, பார்க்கவே மாட்டாதவனை என்ன செய்வது என்று சொல்வதில்லை.

அதற்கு வழி தேடும்போது வில்கி காலின்ஸின் ‘மூன்ஸ்டோன்’ நாவலுக்கு வந்து நிற்கிறேன். 1868இல் தொடராக வந்தது. ரேச்சல் என்ற பெண்ணின் பிறந்தநாள் இரவில், அவளுக்குப் பரிசாக வந்த வைரம் காணாமல் போகிறது. புதிதாக வர்ணம் பூசிய கதவில் ஓர் இடம் தேய்ந்திருக்கிறது; வர்ணம் ஒட்டிய துணி யாருடையதோ அவர்தான் திருடர். தேடுவதில் எல்லோரையும்விட முனைப்பாக இருப்பவன் பிராங்க்ளின் பிளேக். ஒரு வருடம் கழித்து, இறந்துபோன பணிப்பெண் ரோஸன்னா விட்டுச்சென்ற குறிப்பின்படி, புதைமணல் ஓரத்துப் பாறையில் கவிழ்ந்து படுத்துக் கம்பால் துழாவிச் சங்கிலியைப் பிடித்து இழுக்கிறான். தகரப்பெட்டி வருகிறது. உள்ளே ஓர் இரவு உடை. அதில் வர்ணக் கறை. யாருடைய பெயர் தைத்திருக்கிறது என்று பார்க்கிறான். அவனுடைய பெயர். அன்றிரவு அவனுக்குத் தெரியாமல் கொடுக்கப்பட்ட அபினி மயக்கத்தில் அவனே எடுத்திருக்கிறான். நினைவு இல்லை, நோக்கம் இல்லை, ஒரு வருடமாக நெஞ்சில் ஒரு சலனமும் இல்லை. எனக்கு மறுபடி மறுபடி முக்கியமாகப் படுவது அடுத்து அவன் செய்வது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று நின்றுகொள்ளாமல், சாட்சிகளை வரவழைத்து, வீட்டை அன்றிருந்தபடியே அமைக்கச் செய்து, மறுபடி அபினி குடிக்கிறான், தான் செய்தது என்ன என்று அறிந்துகொள்வதற்காக. அவனைச் செலுத்தியது குற்றவுணர்வு என்று சொல்ல முடியாது. ரேச்சலிடம் தன் பெயரைத் துடைத்துக்கொள்ளும் ஆசையும் கலந்திருந்தது. சீவல் எழுந்து நின்றதிலும் அப்படித்தான். அவருடைய பிள்ளைகள் இறந்திருந்தார்கள், அது கடவுளின் தண்டனையோ என்ற பயம் அவருக்கு இருந்தது. ரூ மார்க் மிருகத்தின் சாட்டைப் பயத்துக்கும் அதற்கும் உறவு உண்டு என்று யாராவது சொன்னால் நான் மறுக்கமாட்டேன். ஆனாலும் அவர் நின்றார், எழுதிக் கொடுத்தார், ஊர் கேட்டது. காரணம் சுத்தமாக இருந்தால்தான் பொறுப்பேற்பேன் என்று காத்திருந்தால் ஜான் ஹாதார்னைப்போலக் காத்திருந்தே செத்திருப்பார்.

‘மூன்ஸ்டோன்’ நாவலுக்குள் இன்னொரு திருட்டு இருக்கிறது. கதை தொடங்குவதே ஸ்ரீரங்கப்பட்டணத்தில், 1799 மே மாதம், திப்புவின் கோட்டை விழுந்த நாளில். சூறையாடலைத் தடுக்க அனுப்பப்பட்டவராயிருந்தும், ஹெர்ன்காசில் என்ற ஆங்கில அதிகாரி ஆயுதக் கிடங்கில் வைரத்தைக் காத்து நின்றவர்களைக் கொன்று அதை எடுத்துக்கொள்கிறார். உடன்வந்த உறவினருக்குச் சந்தேகம் உண்டு, ஆதாரம் போதாது என்று புகார் செய்யாமல் விட்டுவிடுகிறார். சோமநாதத்துச் சந்திரன் சிலையில் இருந்ததாகக் கதை சொல்லும் அந்தக் கல் இப்படித்தான் யார்க்‌ஷயர் வீட்டில் ஒரு பெண்ணின் பிறந்தநாள் பரிசாகிறது. ஓரிரவில் அலமாரியிலிருந்து அது எப்படிப் போனது என்பதற்கு வைத்தியர், வழக்கறிஞர், லண்டன் துப்பறிவாளர், அபினிப் பரிசோதனை என்று அத்தனை உழைப்பு. அது அந்த அலமாரிக்கு எப்படி வந்தது என்பதை அதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணத்தோடு அங்கே ஒருவரும் கேட்பதில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பலர் மிக நல்லவர்கள், நெஞ்சில் ஈரமுள்ளவர்கள். அந்த நெஞ்சுகள் சின்னத் திருட்டுக்குத் துடித்தன, பெரிய திருட்டுக்குத் துடிக்கவில்லை. இவ்வளவு கதைகளையும் சுற்றி வந்தபின் எனக்குச் சொல்லத் தோன்றுவது இதுதான். அடுத்தவர் குற்றவாளியா என்று அறிய அவர் முகத்தையும் கண்ணீரையும் பார்ப்பதை விட்டுவிட வேண்டும். அதற்குச் சாட்சியமும் தடயமும் போதும், அவை இல்லாவிட்டால் பேசாமல் இருக்க வேண்டும். நம் விஷயத்தில் நெஞ்சின் தீர்ப்பையும் நம்பக் கூடாது. அது எதுவும் சொல்லவில்லை என்பது நாம் எதுவும் செய்யவில்லை என்று ஆகாது. நம் கையில் இருப்பது யாரிடமிருந்து வந்தது, நாம் பேசாமல் இருந்ததால் யார் தூக்குமேடை ஏறினார்கள் என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல் விசாரித்து, கடன் இருந்தால் தீர்க்க வேண்டும். வருத்தம் அதற்கு முன்னால் வந்தாலும் நல்லது, பின்னால் வந்தாலும் நல்லது, வராமலே போனாலும் கடன் கடன்தான்.